சூடானால் நீளும் இரும்பு: காவலூர் முதல் மணலி வரை

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, சாமை, தேன். இன்னும் கொஞ்சம் யோசித்தால் காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. மணலி என்றதும் நினைவுக்கு வருவது புகைபோக்கியும், இரவில் எரியும் தீச்சுடரும், கூடவே ஒரு வாடையும்.

ஒன்று நட்சத்திரம் பார்க்கும் இடம். மற்றது கச்சா எண்ணெய் காய்ச்சும் இடம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தம் இருக்கிறது. காவலூரில் முதல் தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது 1968. மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969. இரண்டையும் கட்டியவர்களுக்கு ஒரே எதிரி: வெப்பம் பட்டால் பொருள்கள் விரிவடையும் என்ற, எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு மறந்துபோகிற விதி.

இந்தக் கட்டுரை அந்த விதியைப் பற்றியது. முக்கியமாக, சுத்திகரிப்பு ஆலைகளில் ஓடும் பெரிய பெரிய சூடான குழாய்களை வடிவமைக்க மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பற்றியது.

கொல்லருக்குத் தெரிந்த கணக்கு

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மரச் சக்கரத்தைவிடப் பட்டா கொஞ்சம் சின்னதாகத்தான் அடிக்கப்படும். அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் விரியும். விரிந்த சூட்டோடு சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆணி கூடத் தேவையில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பிடியின் பலம். சில மில்லிமீட்டர் சுருக்கம்தான். ஆனால் அது ஒரு முழுச் சக்கரத்தையும் பல வருடங்களுக்கு இறுக்கி வைக்கிறது. இதே பலம் வேண்டாத இடத்தில் வந்தால் என்ன ஆகும்?

சில எண்கள்

சாதாரண கார்பன் எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. ஒன்றுமே இல்லாத அளவு போலத் தோன்றும். ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெய் உலையை விட்டு வெளியே வரும்போது அதன் வெப்பநிலை சுமார் 360 டிகிரி. குழாயைப் பொருத்தும்போது சென்னை வெயிலில் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 330 டிகிரி. பெருக்கிப் பாருங்கள்: மீட்டருக்கு 4 மில்லிமீட்டர். 100 மீட்டர் குழாய் 40 சென்டிமீட்டர் நீண்டுவிடும். கிட்டத்தட்ட முழங்கையிலிருந்து விரல் நுனி வரை!

சரி, நீளாதபடி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டால்? அங்கேதான் ஆபத்து. 10 அங்குலக் குழாய் ஒன்றை இப்படிக் கட்டிப்போட்டால், அது இரண்டு முனைகளையும் நூறு டன்னுக்கும் மேலான விசையோடு தள்ளும். இருபது யானைகளின் எடை! முனையில் இருப்பது ஒரு பம்ப் என்றால் அதன் அச்சு கோணும். கோபுரம் என்றால் இணைப்பு கிழியும். இல்லையென்றால் குழாயே வளைந்து பிதுங்கும். உள்ளே ஓடுவதோ, வெளியே வந்தால் உடனே தீப்பற்றக்கூடிய சூட்டில் இருக்கும் எண்ணெய்.

ஆகவே பொறியாளர்களுக்கு இரண்டே வழிகள். ஒன்று, விரிவே இல்லாத பொருளைத் தேடுவது. இரண்டு, விரிவதற்கு இடம் கொடுப்பது.

காவலூர் தேர்ந்தெடுத்த வழி

முதல் வழியைப் போனது வானாய்வகம். பெரிய தொலைநோக்கியின் குவியாடி ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக இழைக்கப்படுகிறது. இரவில் குளிர் ஏற ஏறக் கண்ணாடி சுருங்கினால் வடிவம் மாறும், நட்சத்திரம் கலங்கித் தெரியும். 1968-இல் ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் ஸெரோடூர் என்ற கண்ணாடிப் பீங்கானை உருவாக்கியது. சாதாரண வெப்பநிலைகளில் அதன் விரிவு ஏறக்குறைய பூஜ்யம். காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் குவியாடி ஸெரோடூரில் செய்யப்பட்டது. அதை இழைத்து மெருகேற்றியது நம் நாட்டில், இந்திய வான் இயற்பியல் மையத்தின் பட்டறையில். அந்தக் கனவைத் தொடங்கிவைத்த வைணு பாப்பு (1927-1982) அது முடிந்ததைப் பார்க்க உயிரோடு இல்லை.

சுத்திகரிப்பு ஆலைக்கு இந்த வழி உதவாது. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் குழாயைக் கண்ணாடிப் பீங்கானில் செய்ய முடியாது. எஃகுதான் வேண்டும். எஃகு என்றால் விரியும். எனவே இரண்டாவது வழி.

இண்டியானாவில் தொடங்கிய கதை

ஆரம்பகாலச் சுத்திகரிப்பு ஆலைகள் பெரிய அண்டாக்களில் எண்ணெயைக் காய்ச்சி வடித்தன. கார்கள் பெருகியதும் பெட்ரோல் போதவில்லை. அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் இண்டியானா நிறுவனத்தின் வில்லியம் பர்ட்டன், கனமான எண்ணெயை அழுத்தத்தில் வைத்துச் சுமார் 400 டிகிரிக்குச் சூடாக்கி உடைத்தால் கூடுதல் பெட்ரோல் கிடைக்கும் என்று கண்டு 1913-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கலன்கள் ரிவெட் அடித்தவை. சூட்டிலும் அழுத்தத்திலும் கசிந்தன, உள்ளே கரி படிந்தது. பணம் கொட்டியது, கூடவே ஆபத்தும் வந்தது.

அதன் பிறகு கலன்களின் இடத்தைக் குழாய் உலைகள் பிடித்தன. எண்ணெய் ஓடிக்கொண்டே சூடாகியது. ஆலை என்பதே குழாய்களின் காடாக மாறியது. வெல்டிங் வந்து ரிவெட் போயிற்று. வெப்பநிலையும் அழுத்தமும் வருடத்துக்கு வருடம் ஏறின. ஆனால் விரிவுக்குக் கணக்கு? பெரும்பாலும் அனுபவம்தான். "இவ்வளவு நீளத்துக்கு இப்படி ஒரு வளைவு வை" என்று மூத்தவர் சொல்வார், இளையவர் வரைவார்.

அமெரிக்காவில் அழுத்தக் குழாய்களுக்கான முதல் பொது விதித்தொகுப்பு 1935-இல் வெளியானது. 1941-இல் எம்.டபிள்யூ.கெல்லாக் நிறுவனம் குழாய் அமைப்பு வடிவமைப்பு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டது. 1956-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பல தலைமுறைக் குழாய்ப் பொறியாளர்களின் மேசையில் அது இருந்தது. கால்குலேட்டர் கூட இல்லாத காலம். முப்பரிமாணத்தில் வளைந்து போகும் ஒரே ஒரு குழாய்க்கு விசைகளைக் கணக்கிட ஒரு பொறியாளர் நாள் கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

உடைத்துப் பார்த்தவர்

இந்தக் கதையில் மறக்கக் கூடாத பெயர் ஏ.ஆர்.சி.மார்க்ல். கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் குழாய் வளைவுகள் தயாரித்த டியூப் டர்ன்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும் அவர் செய்தது, கேட்கச் சாதாரணமான ஒரு வேலை. நிஜமான குழாய்த் துண்டுகளை, வளைவுகளை, கிளை இணைப்புகளை எடுத்து, இயந்திரத்தில் பூட்டி, முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை முறை வளைத்தால் கசிகிறது என்று எண்ணினார்.

ஒரு கம்பியைக் கையால் ஒருமுறை வளைத்தால் உடையாது. திரும்பத் திரும்ப வளைத்தால் உடையும். குழாயும் அப்படித்தான். ஆலையை ஓட்டும்போது சூடாகி ஒரு பக்கம் வளைகிறது, நிறுத்தும்போது குளிர்ந்து திரும்புகிறது. குழாயின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்தப் போக்குவரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நேர்க்குழாயைவிட வளைவுகளிலும் கிளைகளிலும் பாதிப்பு எத்தனை மடங்கு என்பதையும் மார்க்ல் அளந்து எண்ணாகக் கொடுத்தார்.

அவருடைய கட்டுரைகள் 1952-லும் 1955-லும் வந்தன. அவை விதித்தொகுப்புக்குள் நுழைந்தன. அடிப்படை அளவாக வைக்கப்பட்டது 7000 சுழற்சிகள். தினமும் ஒரு தடவை சூடாகிக் குளிர்ந்தாலும் சுமார் 19 வருடம் தாங்கும் என்று பொருள். சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களுக்கென்றே தனிப் பகுதி 1959-இல் வெளியானது. இன்றும் உலகம் முழுக்க ஆலைக் குழாய்களின் கணக்கில் மார்க்லின் எண்கள் உள்ளே இருக்கின்றன. 1984-இல் வந்த சீசர் 2 என்ற மென்பொருள், நாள் கணக்கில் செய்த வேலையை நிமிடங்களாக்கியது. கணக்கு வேகமானது, ஆனால் அடிப்படை அதேதான்.

விரிவுக்கு எப்படி இடம் கொடுக்கிறார்கள்?

ஆலைக் குழாய்ப் பாலங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நேராகப் போய்க்கொண்டிருக்கும் குழாய் திடீரென்று பக்கவாட்டில் 'ப' வடிவத்தில் சுற்றிக்கொண்டு மீண்டும் நேர்வழிக்கு வரும். தடை ஏதும் இல்லாத இடத்தில் ஏன் இந்தச் சுற்று? அதுதான் விரிவு வளையம். குழாய் நீளும்போது அந்த 'ப'வின் கால்கள் கொஞ்சம் வளைந்து கொடுத்து நீளத்தை விழுங்கிவிடும்.

இன்னும் சில ஏற்பாடுகள் உண்டு. சில இடங்களில் குழாயை அசையாமல் பூட்டுவார்கள். எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பது அதனால் தீர்மானமாகிறது. சில இடங்களில் நேர்க்கோட்டில் மட்டும் வழுக்க விடுவார்கள். உயரமான கோபுரம் சூடாகி மேல் நோக்கி வளரும்போது அதோடு சேர்ந்து ஏறும் குழாயைத் தாங்க ஸ்பிரிங் தாங்கிகள் இருக்கும். பம்ப் போன்ற மென்மையான இயந்திரங்களை நெருங்கும்போது, குழாய் தரும் விசை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு வணிகக் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு வளையமும் கூடுதல் குழாய், கூடுதல் வெல்டிங், கூடுதல் இன்சுலேஷன், கூடுதல் தூண். இது ஒருமுறைச் செலவு. வளைவுகள் அதிகமானால் எண்ணெயைத் தள்ளப் பம்ப் அதிக மின்சாரம் தின்னும். இது ஆலை ஓடும் காலமெல்லாம் வரும் செலவு. வளையத்தைக் குறைத்தால் இரண்டும் மிச்சம், ஆனால் விபத்து என்ற செலவு கணக்குப் புத்தகத்தில் முன்கூட்டி வராது. நல்ல வடிவமைப்பு என்பது இந்த மூன்றுக்கும் இடையிலான தராசு.

மணலிக்கு வந்த குழாய்கள்

இந்தியாவின் பழைய சுத்திகரிப்பு ஆலை அசாமின் திக்பாயில் 1901-லேயே வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நிய நிறுவனங்கள் டிராம்பேயில் 1954-லும் 1955-லும், விசாகப்பட்டினத்தில் 1957-லும் ஆலைகளைத் திறந்தன. பொதுத்துறையில் ருமேனியா உதவியோடு குவாஹாத்தி (1962), சோவியத் உதவியோடு பரௌனி (1964), கோயலி (1965), அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு கொச்சி (1966) என்று வரிசையாக வந்தன.

சென்னையின் முறை அடுத்தது. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் உருவானது. இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. அமோகோ யார் தெரியுமா? பர்ட்டன் வேலை பார்த்த அதே ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் இண்டியானாவின் கிளை. 1913-இல் கசியும் கலன்களோடு போராடிய நிறுவனத்தின் வாரிசு, அரை நூற்றாண்டு கழித்து மணலிக்கு வந்து சேர்ந்தது.

காலம் சாதகமானதல்ல. 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய எந்தச் சாமானுக்கும் ஒரே நாளில் ரூபாய்க் கணக்கில் 57 சதவீதம் கூடுதல் விலை! அப்படிப்பட்ட நேரத்தில், ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுள்ள மணலி ஆலை 27 மாதங்களில், 43 கோடி ரூபாய் செலவில், காலமும் செலவும் திட்டத்தைத் தாண்டாமல் கட்டி முடிக்கப்பட்டது. 1969-இல் ஓடத் தொடங்கியது.

ஆலையைக் கட்டுவது ஒன்று, வடிவமைக்கத் தெரிவது வேறு. ஒவ்வொரு தடவையும் வரைபடத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தால், பழுது பார்க்கக்கூட அங்கேதான் கேட்க வேண்டும். இதை உணர்ந்துதான் 1965-இல் அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து எஞ்சினியர்ஸ் இந்தியா லிமிடெட் தொடங்கப்பட்டது. 1967-இல் அது முழுக்க இந்திய அரசுக்குச் சொந்தமானது. நாட்டின் பெரும்பாலான சுத்திகரிப்பு ஆலைகளில் அதன் கை உண்டு. மணலியின் பிற்கால விரிவாக்கமும் விலக்கல்ல. இன்னொரு பக்கம் திருச்சி பெல் நிறுவனம் கொதிகலன்களோடு தடையில்லா எஃகுக் குழாய்களையும் தயாரிக்கத் தொடங்கியது. அனல் மின் நிலையக் குழாய் அமைப்புகளுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் அதன் ஆலை 2013-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜவ்வாது மலையிலிருந்து அதிக தூரமில்லாத ராணிப்பேட்டையில் கொதிகலன் துணைக்கருவிகள் செய்யும் பெல் ஆலை இருக்கிறது.

மணலி ஆலையில் அமோகோ தன் பங்கை 1985-இல் விட்டுவிட்டு வெளியேறியது. 2000-இல் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆனது. இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமாக இன்று அது ஆண்டுக்கு 105 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. தொடக்கத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

தரையில் சாக்பீஸால் வரைந்த குழாய்

இதையெல்லாம் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கப் படிக்கப்படும் உதாரணம் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ. அது சுத்திகரிப்பு ஆலை இல்லை, நைலான் மூலப்பொருள் செய்யும் ரசாயன ஆலை. ஆனால் குற்றவாளி ஒரு குழாய்.

அங்கே ஆறு உலைக்கலன்கள் படிக்கட்டு போல ஒன்றைவிட ஒன்று தாழ்வாக வரிசையாக இருந்தன. 1974 மார்ச் மாதம் ஐந்தாவதில் விரிசல் தெரிந்தது. அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். உயர வித்தியாசம் இருந்ததால் குழாய் இரண்டு மடிப்போடு இருந்தது. விரிவுக்காக இரு முனையிலும் மடிப்பு மடிப்பான பெல்லோஸ் இருந்தது. குழாய் நின்றதோ சாரத்தின் மேல். வரைபடம் என்று ஒன்றும் இல்லை, பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்ததுதான். அழுத்தம் ஏறும்போது, மடிப்புள்ள குழாய் நெளியப் பார்க்கும், பெல்லோஸ் அதைத் தாங்காது என்பதை யாரும் கணக்கிடவில்லை. கணக்கிட வேண்டிய மெக்கானிக்கல் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது.

இரண்டு மாதம் தாக்குப் பிடித்தது. ஜூன் 1, 1974, சனிக்கிழமை மாலை. 155 டிகிரியில் இருந்த சைக்ளோஹெக்ஸேன் வெளியேறி மேகமாகப் பரவி வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அதில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வார நாளாக இருந்திருந்தால் எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும். விரிவுக்கு இடம் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கணக்கில்லாமல் கொடுத்தார்கள்.

நீளம் மட்டுமா பிரச்சனை?

வெப்பம் இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கச்சா எண்ணெயில் இருக்கும் கந்தகம் சூட்டில் எஃகைத் தின்கிறது. குரோமியம் சேர்த்த எஃகு இதைத் தாங்கும், விலை அதிகம். 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவில் ரிச்மண்ட் ஊரில் செவ்ரான் ஆலையின் கச்சா எண்ணெய்ப் பிரிவில் 8 அங்குலக் குழாய் ஒன்று கிழிந்தது. 1970-களில் பொருத்திய கார்பன் எஃகுக் குழாய் அது. சிலிக்கான் குறைவாக இருந்ததால் மற்றவற்றைவிட வேகமாக அரித்திருந்தது. முதலில் சிறிய கசிவுதான். ஆலையை நிறுத்தாமலேயே சரிசெய்யப் பார்த்தார்கள். 19 ஊழியர்கள் ஆவி மேகத்துக்குள் சிக்கி, மயிரிழையில் தப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் சிகிச்சைக்குப் போனார்கள்.

இரண்டாவது, சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து உள்ளிருக்கும் கார்பனோடு சேர்ந்து அதைப் பலவீனமாக்குகிறது. ஷெல் நிறுவனத்தின் ஜி.ஏ.நெல்சன் எந்த எஃகு எந்தச் சூட்டில் பாதுகாப்பானது என்று 1949-இல் ஒரு வரைபடம் தொகுத்தார். அது அனுபவத்தில் வரைந்த கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று நம்பினார்கள். 2010 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டன் மாநிலம் அனகோர்ட்டஸ் ஆலையில் கார்பன் எஃகு வெப்பப் பரிமாற்றி ஒன்று வெடித்து 7 பேர் இறந்தார்கள். பாதுகாப்பானது என்று நினைத்த நிலையிலேயே எஃகு கெட்டிருந்தது. அதன் பிறகு கோடு திருத்தப்பட்டது.

மார்க்ல் குழாயை ஆய்வகத்தில் உடைத்து எண்களைப் பெற்றார். நெல்சனின் கோடுகளோ பல ஆலைகளில் கெட்டுப்போன எஃகிலிருந்து வந்தவை. விதிப் புத்தகத்தில் இருக்கும் எந்த எண்ணும் சும்மா வந்ததில்லை. அதனால்தான் "செலவைக் குறைக்க இந்த வளையத்தை எடுத்துவிடலாமா, குரோமியம் இல்லாத எஃகு போதாதா" என்று நிதிப் பிரிவிலிருந்து கேள்வி வரும்போது, பொறியாளர் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவருக்கு அது ஏன் என்று தெரிந்திருப்பதும் அதே அளவு அவசியம். ஏனென்றால் கையெழுத்து பெரும்பாலும் அவருடையது!

இனி மணலிப் பக்கம் போகும்போது, பாலத்தின் மேல் ஒரு குழாய் காரணமே இல்லாமல் 'ப' போட்டு வளைந்து போவதைப் பார்த்தால், யாரோ இரும்பை வீணடித்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் கீழே ஒருவர் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.